எந்த வண்டி என்று போடவில்லையே

எண்பத்தெட்டு ஏப்ரலில் தாட்சாயிணி முழுப் பரீட்சையில் கணக்கில் வாங்கியது முப்பத்திரண்டு. இன்னும் மூன்று இருந்தால் பத்தாம் வகுப்பு. இல்லையென்றால் ஒன்பதிலேயே இன்னொரு வருஷம். பத்தாவதில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டுமல்லவா, அதற்காக அந்தப் பள்ளிக்கூடம் ஒன்பதிலேயே களை எடுத்துவிடும்.

அவளைக் கவிழ்த்தது ஒரே ஓர் ஐந்து மார்க் கணக்கு. நூற்றெண்பது மீட்டர் நீளமுள்ள ரயில், நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில், நூற்றிருபது மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? மற்றவர்கள் நோட்ஸை நெட்டுரு போட்டு, விடையை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். இவள், ‘எந்த வண்டி என்று தெரியாமல் சொல்ல முடியாது’ என்று எழுதியிருந்தாள். கணக்கு டீச்சர் ஞானசௌந்தரி முட்டை போட்டுவிட்டார்.

திமிர்தானே என்று நினைப்பீர்கள். திமிரே இல்லை. அவள் அப்பா அண்ணனூர் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவுகிறவர். வீடு தண்டவாளத்தை ஒட்டி.

தலைமை ஆசிரியர் ரகுநாதன் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஞானசௌந்தரி டீச்சரும் அவளுடைய விடைத்தாளோடு நின்றிருந்தார்.

“என்னம்மா இது, கிண்டலா?”

“இல்ல சார். எலக்ட்ரிக் வண்டி எங்க அண்ணனூர்ல நின்னு ஆளுங்கள ஏத்திக்கினுதான் போவும். மெயில் வண்டி நிக்காம பூடும். இன்னா வண்டின்னு கணக்குல போடலியே சார்.”

ஞானசௌந்தரி டீச்சர் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார்.

“சரி, நிக்காத வண்டிதான். போட்டுக் காட்டு,” என்றார் ரகுநாதன்.

பயத்தில் சூத்திரம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மேஜையில் கிடந்த டஸ்டரைப் பிளாட்பாரமாக வைத்து, ஸ்கேலை வண்டியாக நகர்த்தினாள். ஸ்கேலின் முன்பக்கம் டஸ்டரைத் தாண்டியும் அவள் நிறுத்தவில்லை.

“கடசி பெட்டி, கார்டு பெட்டி, இன்னும் உள்ளதான் சார் கீது,” என்று முணுமுணுத்தபடி, பின்பக்கம் வெளியே வரும்வரை தள்ளினாள். “வண்டி பிளாட்பாரம் நீளமும் ஓடணும், தன் நீளமும் ஓடணும். முந்நூறு மீட்டர். முப்பது செகண்டு சார்.”

ரகுநாதன் பாராட்டிவிடவில்லை, வாத்தியார்களுக்கு அது அவ்வளவு சுலபத்தில் வராது. “பப்ளிக் பரீட்சையில ஏன்னு உன்னக் கூப்பிட்டுக் கேட்க மாட்டாங்கம்மா. அப்ப என்ன பண்ணுவ?”

அவள் ஸ்கேலை டஸ்டர் பக்கத்தில் வைத்தாள்.

“கேக்காட்டி போவட்டும் சார். ஏன்னு நானே எழுதி வச்சுட்டு வரேன்.”

ரகுநாதன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். பத்தாம் வகுப்புப் பட்டியலை இழுத்து, கடைசி வரியில் அவள் பெயரைச் சேர்த்தார் ரகுநாதன்.