ஆறு கொஸ்மாஸும் ஒரு விளக்கும்

நாற்பத்தெட்டு வயதில் என்னிடம் மின்வேலை பழக வருகிறவருக்கு ஒரு டெஸ்டரும் நல்ல காலணியும் போதும் என்று நினைத்திருந்தேன். மூதாதையரும் தேவைப்படுவார்கள் என்று தெரியாது.

கொஸ்மாஸ் லெவந்திஸ் என் அக்காள் புருஷன். இருபத்திரண்டு வருடம் வங்கியில் டை கட்டியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று அக்காளுக்குத் தெரியாது. வங்கிக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். அடுத்த மாதம் என் வேனில் ஏறினார், முதல் வருடப் பயிற்சியாளராக. கிரேக்கத் தீவிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய ஓக்லியின் கடைத்தெருவில் தெரிந்தவர் யாராவது எதிர்ப்பட்டால் ஏணியை என் தோளுக்கு மாற்றிவிட்டு, "மாப்ளைக்கு ஆலோசனை சொல்லிட்டிருக்கேன்" என்பார்.

போன மரியாதையை முன்னோரிடமிருந்து வாங்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. எங்கள் தீவின் தேவாலயப் பதிவேடுகளைக் கணினியில் போட்டிருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் வேனுக்குள் அதையே புரட்டி, ஒருநாள் கத்தினார்.

"மாப்ள! கொஸ்மாஸ், தகப்பன் பேரு மினாஸ். 1821 விடுதலை யுத்தத்துல கப்பல் தலைவன்! என் ரத்தம்!"

"அத்தான், நம்ம ஊர்ல மூத்த பேரனுக்கெல்லாம் தாத்தா பேருதானே. கல்லெறிஞ்சா ஒரு கொஸ்மாஸ் மேலதான் விழும்."

"எழுதியிருக்கேப்பா!"

அந்த எழுத்தை வைத்து ஓவியரைப் பிடித்து ஒரு படம் வரையச் செய்தார். மீசை, வாள், பின்னால் கப்பல். மூக்கு மட்டும் அத்தானுடையது. அதை எங்கள் தீவுச் சங்க மண்டபத்தில், வீரர்கள் வரிசையில், மார்ச் இருபத்தைந்து விடுதலை நாள் விருந்தன்று மாட்ட வேண்டும். சங்கத்தில் ஒரு விதி உண்டு: தீவிலிருக்கும் ஊர்ப் பாதிரியாரின் அத்தாட்சிக் கடிதம் வேண்டும். "எழுதிப் போட்டிருக்கேன், வந்துரும்" என்றார். அழைப்பிதழும் அடித்துவிட்டார். பழைய வங்கி மேலாளர்கள் நான்கு பேருக்கும் ஒன்று போனது.

படத்துக்கு மேலே ஒரு விளக்கு வேண்டுமாம். சின்னதாகப் போதும் என்றேன். நாடகக் கொட்டகையிலிருந்து ஆயிரம் வாட் பழைய விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். "தலைவர் முகம் ஜொலிக்கணும்."

விருந்துக்கு முந்தின சனிக்கிழமை இருவரும் மண்டபத்துக்குப் போனோம். ஸ்விட்ச் போர்டில் 'மேடை' என்று எழுதியிருந்த பிரேக்கரை இறக்கிவிட்டு, மேடைக் கம்பியை நோக்கி இடுக்கியை நீட்டினார். கையைப் பிடித்தேன். டெஸ்டரை வைத்தேன். சிவப்பாக எரிந்தது.

"மேடைன்னு எழுதியிருக்கே!"

"எவனோ எப்பவோ எழுதினது அத்தான். போர்டுல எழுதினத நம்பினவன் எல்லாம் கல்லறைல இருக்கான். சோதிச்சுட்டுத் தொடுங்க."

பிறகு பிரதான சுவிட்சையே இறக்கிவிட்டு வேலையை முடித்தார். அந்தக் கம்பியில் வேறென்ன ஓடுகிறது என்று நான் பார்த்திருக்க வேண்டும். சங்கச் செயலாளர் மாரிகோ அக்கா காபியோடு வந்து மருமகளைப் பற்றி ஆரம்பித்ததில் மறந்துபோனேன். அந்தத் தப்பு என்னுடையது.

விருந்தன்று பூசை முடிந்து நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் இரண்டு மின்சட்டிகளில் உப்புமீன் பொரிந்துகொண்டிருந்தது, பூண்டு மணம் மேடைவரை ஏறியது. அத்தான் டையோடு திரைக்குப் பக்கத்தில் நின்றார். மாரிகோ அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலையில் வந்த கடிதத்தை உறை கிழித்து வாசித்தார்.

"'அந்தக் காலத்தில் மினாஸ் மகன் கொஸ்மாஸ் என்று நம் பங்கில் ஆறு பேர். ஓரத்தில் எழுதிய பட்டப்பெயரைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். கப்பல் தலைவருக்குப் பிள்ளை இல்லை. தாங்கள் அந்த ஆறு பேரில் இன்னொருவரின், தலைவருடைய பெரியம்மா மகனின் வழி. பட்டப்பெயர், எண்ணெய்தின்னி.'"

மண்டபம் மெல்லுவதை நிறுத்தியது. மாரிகோ அக்கா நிறுத்தவில்லை.

"'அவருக்குத் துறைமுகப் பாறையில் விளக்குக் காவல். விளக்குக்கு ஊரார் கொடுத்த ஒலிவ எண்ணெயை ரொட்டியில் தொட்டுத் தொட்டுத் தின்றுவிட்டார். விளக்கு அணைந்தது. தலைவரின் கப்பல் அந்தப் பாறையிலேயே மோதியது. தலைவர் நீந்திக் கரையேறி முதலில் எதிரியைத் தேடவில்லை, இவரைத்தான் தேடினார்.'"

"போதும், போதும்!" அத்தான் திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போட்டார்.

தலைவரின் முகம் ஒரு நொடி சூரியனைப் போல எரிந்தது. டக். அணைந்தது. சமையலறையில் எண்ணெய்ச் சத்தமும் அடங்கியது. 'மேடை' என்று எழுதியிருந்ததில் மேடை இல்லை. மேடைக் கம்பியோ மீன்சட்டிகளோடு ஒரே பிரேக்கரில் ஓடிக்கொண்டிருந்தது, ஆயிரம் வாட்டையும் சேர்த்து அது தாங்கவில்லை.

மாரிகோ அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்டா கொஸ்மாஸ், உன் பரம்பரைக்கே எண்ணெயும் விளக்கும் ஒண்ணா ஆகாதா?"

பழைய மேலாளர்கள் நான்கு பேரும் மேசைவிரிப்பில் முகம் புதைத்துச் சிரித்தார்கள். அத்தான் வாசலுக்குப் போவார் என்று நினைத்தேன். போர்டுக்குப் போனார். டையைச் சட்டைக்குள் செருகினார். எழுத்தைப் படிக்கப் போன கண்ணை இழுத்துக்கொண்டு டெஸ்டரை எடுத்தார். ஒவ்வொன்றாக இறக்கி, சோதித்து, எது எங்கே ஓடுகிறதென்று கண்டுபிடித்தார். விளக்கைச் சட்டிகளிலிருந்து பிரித்து வேறு கம்பிக்கு மாற்றினார். நான் டார்ச் மட்டும் பிடித்தேன். இருபத்தைந்து நிமிடம்.

எண்ணெய் மறுபடி கொதித்தபோது நூறு பேரும் கைதட்டினார்கள். மீனுக்கா தனக்கா என்று அத்தான் விசாரிக்கவில்லை. அங்கேயே மூன்று பேர் வீட்டு வேலைக்கு அவரைக் கேட்டார்கள், வங்கி மேலாளர் ஒருவர் உட்பட. "என்கிட்ட இல்ல, மாப்ளகிட்ட கேளுங்க. நான் பழகறவன்" என்றார். முதல் தடவையாக.

படம் வீரர்கள் வரிசையில் ஏறவில்லை. விதி விதிதான். நடைவழியில், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே இடம் கொடுத்தார்கள். வாளை மறைத்து ரொட்டி வரையச் சொன்னார் மாரிகோ அக்கா. அத்தான் சம்மதிக்கவில்லை. ஆனால் படச் சட்டத்தின் மூலையில், சோதித்த மின்கருவிகளில் கட்டுகிற சீட்டு ஒன்றை எழுதித் தொங்கவிட்டார்: 'கொஸ்மாஸ் எண்ணெய்தின்னி. சோதித்தது: கொ. லெ.'

திருந்திவிட்டார் என்று அக்காளிடம் சொன்னேன். திங்கட்கிழமை காலை வேனின் பக்கவாட்டில் புது எழுத்து ஒட்டியிருந்தது: '1821 முதல் வெளிச்சத் துறையில்.'

"அத்தான், அது அணைச்ச வருஷம்."

"அணைக்கணும்னா முன்னால எரிஞ்சிருக்கணும்ல மாப்ள? வண்டிய எடு."

ஏணி மட்டும் அவர் தோளில் இருந்தது.