வெள்ளையம்மாளுக்குக் கீழே இரண்டு கம்பெனி

"பதினோரு மணிக்குப் பனியன் வாங்குற பையர் வந்துருவாருங்க. அதுக்குள்ள கணக்கு வரலீன்னா உங்க சாப்ட்வேரைத் தூக்கிட்டுக் கோவில்பட்டிக்கே போயிருங்க."

முதலாளி ஆறுச்சாமி இப்படிச் சொன்னதும் ஆரோக்கியராஜுக்கு வேர்த்தது. அவன் விற்ற முதல் சாப்ட்வேர் அது. மாதம், நாடு, யூனிட் என்று எந்தப் பக்கம் திருப்பிக் கேட்டாலும் ஏற்றுமதியைச் சொல்லும். பெயரைத் தட்டினால் அதற்குக் கீழே உள்ளவை விரியும்.

"இந்தா பாருங்க அண்ணாச்சி, தட்டுதேன்."

திரையில் 'ஆறுச்சாமி டையிங்' என்ற சாயப்பட்டறையின் பெயரைத் தட்டினான். உள்ளே மகன் பெயரிலுள்ள நித்தீஷ் எக்ஸ்போர்ட்ஸ். அதைத் தட்டினான். உள்ளே ஆறுச்சாமி டையிங். அதற்குள் நித்தீஷ். அதற்குள் மறுபடி ஆறுச்சாமி!

"இதென்னுங்க, என்ற வவுத்துக்குள்ள என்ற பையன், அவன் வவுத்துக்குள்ள நானா?"

கணக்கைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் சித்ராதேவி துப்பட்டாவால் வாயை அமுக்கிக்கொண்டாள்.

"சிரிக்காத சித்ரா. டையிங்குக்குப் பேரண்ட், அதான் மேல் கம்பெனி, எக்ஸ்போர்ட்ஸ்னுதான போடச் சொன்னேன்?" என்றான் ஆரோக்கியராஜ்.

"போட்டேன் சார். நேத்து முதலாளி பாத்துட்டு, 'பையனுக்குக் கீழ அப்பனா? எக்ஸ்போர்ட்ஸுக்குப் பேரண்ட் ஆறுச்சாமின்னு போடு கண்ணு'ன்னாரு. அதையும் போட்டேன்."

"அதையுமா! ஒருத்தருக்கொருத்தர் அப்பன்னா அது எங்க போயி நிக்கும்? அண்ணாச்சி, இது கம்பெனிக்குத்தான். உங்களைக் கீழ போட்டுருதேன்."

"நாலு பேரு மூஞ்சீல முழிக்கோணுமில்லீங்க?"

"அப்ப நித்தீஷைக் கீழ..."

"சாயப்பட்டறைக்குக் கீழ எக்ஸ்போர்ட் கம்பெனியா? பையர் சிரிப்பாருங்க!"

பையருக்கு இளநீரோடு உள்ளே வந்தாள் ஆறுச்சாமியின் மனைவி வெள்ளையம்மாள்.

"ஏனுங்க, வாசக் கேட்டு வரைக்கும் சத்தம்?"

"கம்ப்யூட்டர்ல நான் மேலயா, நித்தீஷ் மேலயான்னு..."

"இதுக்கா? ஊட்டுல ரெண்டு பேரும் ஆருக்குக் கீழ?"

ஆரோக்கியராஜ் துள்ளி எழுந்தான். "அம்மா, தப்பிச்சேன்!" சுற்றிச் சுற்றி வந்த இரண்டு வரிகளையும் அழித்தான். உச்சியில் புதிதாக ஒரு படி வைத்தான்: வெள்ளையம்மாள் குரூப். அதற்குக் கீழே இரண்டு கம்பெனியும் அக்கம்பக்கமாக.

"அப்ப நானும் என்ற பையனும் அண்ணன் தம்பிங்களா?"

"ஒருத்தருக்கொருத்தர் கீழ இல்லல்லா, அண்ணாச்சி?"

வெளியே கார் ஆரன் அடித்தது. "செரி, போடுங்க!"

பையர் வந்து உட்கார்ந்தார். திரையில் ஒரே ஒரு பெயர்.

"அண்ணாச்சி, நீங்களே காட்டுங்க. வெள்ளையம்மாளை ரெண்டு தட்டு தட்டுங்க."

"தட்டச் சொல்லு தம்பி, பாக்கலாம்," என்றாள் வெள்ளையம்மாள்.

ஆறுச்சாமி மவுஸை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே தட்டிக்க சாமி."

அவள் தட்டினாள். கம்பெனிகள் விரிந்தன, மாதங்கள் விரிந்தன, ஜெர்மனிக்குப் போன பனியன்கள் வரிசைகட்டி நின்றன. பையர் தலையாட்டினார்.

"சாப்ட்வேர் இங்கயே இருக்கட்டுங்க தம்பி," என்று ஆறுச்சாமி ஆரோக்கியராஜின் காதில் சொன்னார். "அந்த மேல் படியில மட்டும் யாரும் கை வெச்சறாதீங்க."