இரண்டாவது அட்டை

வியாழன் கிரகத்தின் மேல் வால்நட்சத்திரத் துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து மோதிக்கொண்டிருந்த 1994 ஜூலை வாரத்தில், சேலையூரில் சரளாவுக்கு இருந்த ஒரே கவலை, கூட ஒரு ஆள் வேண்டும் என்பதுதான். மொட்டைமாடியில் தொலைநோக்கி இருந்தது. புதன்கிழமை வானமும் தயவு பண்ணி வெளுத்திருந்தது. ஆள்தான் இல்லை.

தொலைநோக்கி அவள் கணவர் லோகநாதனுடையது. டெலிபோன் ஆபீசில் படம் வரைகிற உத்தியோகம் அவருக்கு. ஒன்றரை வருஷம் கண்ணாடியைத் தேய் தேய் என்று தேய்த்து அவரே செய்தது. அந்த ஒன்றரை வருஷம் வீட்டில் பேச்சுச் சத்தத்தைவிடத் தேய்க்கிற சத்தம்தான் அதிகம். வானம் பார்க்கிறவர்களின் சங்கம் ஒன்றுக்கு மாதாமாதம் படம் வரைந்து அனுப்புவார். சங்கத்தில் ஒரு விதி. இரண்டு பேர் அடுத்தடுத்துப் பார்த்து, ஒருவர் படத்தை ஒருவர் பார்க்காமல் வரைய வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். ஒருத்தர் மட்டும் பார்த்தது என்றால் ஃபைலில் போய்த் தூங்க வேண்டியதுதான். மனுஷக் கண் ஆசைப்பட்டதையெல்லாம் பார்த்துவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

அந்த இரண்டாவது ஆள் சரளா. அவளுக்கு வானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதுதான் தகுதியே என்பார் லோகநாதன். தான் வரைந்த அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவளைக் கூப்பிடுவார். என்ன தெரிகிறது என்று மூச்சு விடமாட்டார். அவள் வரைந்து முடிக்கிறவரை பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி நிற்பார். இந்த மனுஷனுக்கு என்னிடம் பேச ஒன்றுமே இல்லையா என்று ஆரம்பத்தில் அவளுக்குக் கோபம்கூட வந்ததுண்டு. ஆனால் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தால் போதும், சோறு ஆறிப்போகிறவரை பேசுவார். பத்து வருஷம் அப்படிப் போயிற்று.

மோதல் நடக்கப்போகிறது என்று முந்தின வருஷமே பேப்பரில் வந்துவிட்டது. லோகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பொங்கல் லீவில் உட்கார்ந்து, சரளாவின் வளையலைக் கழற்றி வாங்கி, அதை வைத்து அட்டைகளில் வட்டம் போட்டார், அந்த ஒரு வாரத்துக்கும் நாளுக்கு இரண்டாக. பிப்ரவரியில் ஒரு காலை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வட்டம் போட்ட அட்டைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. அவர் காத்திருந்ததை அவருக்காகப் பார்த்து, சங்கம் ஏற்கிற மாதிரி அனுப்பிவிட வேண்டும் என்று சரளா பிடிவாதமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

பால்காரரைக் கேட்டாள், எதிர்வீட்டு அம்மாளைக் கேட்டாள். சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஏறிவர யாருக்கும் மனசில்லை. சரி என்றவள் கீழ் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்த தனம் ஒருத்திதான். எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காஜா எடுக்கிற வேலை.

புதன்கிழமை ஏழு பத்துக்கு சரளா முதல் அட்டையை வரைந்து முடித்தாள். கிரகத்தின் மேல் மை கொட்டின மாதிரி இரண்டு கறுப்புத் தழும்புகள். ஒன்று நடுவில், ஒன்று இடது விளிம்பை ஒட்டி. இதைப் பார்க்க அவர் இல்லையே. அட்டையைப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டாள்.

தனம் வேலை முடிந்து நேராக மாடிக்கு வந்தாள். வந்தவளை உடனே தொலைநோக்கிக் குழாயின் முன் நிறுத்தியிருக்க வேண்டும். சரளா காபி குடிக்கிறாயா என்று கேட்டாள். அங்கேதான் கெட்டது. தனம் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, அண்ணாவுக்கு இன்னாக்கா ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்டாள். ஐந்து மாதமாக அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்டதில்லை. சரளாவின் வாய் நிற்கவில்லை. கண்ணாடி தேய்த்தது, வளையல் வட்டம், ஸ்டேஷன் படிக்கட்டு, வால்நட்சத்திரம் உடைந்தது, தழும்பு எத்தனை, எங்கெங்கே என்று விரலால் காற்றில் வரைந்துகூடக் காட்டினாள். சொல்லி முடித்தபோது எட்டேகால். அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தனம் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். வரைந்து கொடுத்தாள். சரளா தன் அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். அச்சு அசல். ஒரு மயிரிழை பிசகவில்லை. சந்தோஷப்படப் போனவள் அட்டைகளில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தாள். வியாழன் பத்து மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றிவிடுகிற கிரகம் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தழும்பு அதே இடத்தில் எப்படி இருக்கும்? குழாயில் கண்ணை வைத்தாள். விளிம்பில் இருந்த தழும்பு அந்தப்பக்கம் போய் மறைந்திருந்தது. நடுவில் இருந்தது விளிம்பை நோக்கிப் பாதிதூரம் போயிருந்தது.

"நிஜமாச் சொல்லு தனம். உனக்கு என்ன தெரிஞ்சுது?"

தனம் தரையைப் பார்த்தாள். "ஒண்ணும் தெர்லக்கா. வெள்ளையா ஒரு உருண்டை ஆடிக்கினு இருந்துச்சு. நீங்க அவ்ளோ ஆசையா சொன்னீங்க. அதான் அதையே போட்டுட்டேன்."

சரளாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை என்று சொல்லி, டம்ளரை வாங்கிக்கொண்டு, அவளை அனுப்பிவைத்தாள். மறுநாள் பிடித்த மழை ஞாயிறு வரை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு அட்டைகளும் மேஜைமேல் இருந்தன. தனத்தின் அட்டையில் எட்டேகால் என்பதை அழித்து ஏழு இருபது என்று எழுதினால் தீர்ந்தது. பென்சில் எழுத்துதான். சங்கத்தில் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. ரப்பரைக் கையில் எடுத்தும்விட்டாள். வாய் நிறையப் பேச்சை வைத்துக்கொண்டு, அவள் வரைந்து முடிக்கட்டும் என்று பத்து வருஷம் நின்றாரே, அது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரப்பரை வைத்துவிட்டாள்.

ஃபாரத்தில் முதலாமவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். இரண்டாமவர் என்ற இடத்தில் பேனா நின்றது. பென்ஷன் ஆபீஸ், ரேஷன் கார்டு, கேஸ் கம்பெனி என்று எத்தனையோ ஃபாரத்தில் அவர் இல்லை என்று எழுதிக் கொடுத்தவள்தான். அங்கெல்லாம் பேனா நின்றதில்லை.

இல்லை என்று எழுதினாள். கவரை ஒட்டி வைத்துவிட்டு, பேசுவதற்கு ஆளில்லாத அந்த வீட்டில் சத்தம்போட்டு அழுதாள்.