காலடி மண்

பிரான்சில் விமான சாகசக் காட்சி நடத்துகிற ஜூல், 1983-இல் லீவுக்குப் புதுச்சேரி வந்தான். வந்ததும் வராததுமாகத் தெருவையே வாசல் மணலுக்கு அழைத்து, சுவரில் படம் ஓட்டினான். அவன் விமானம் தலைகீழாகப் பறந்தது. பம்பரமாகச் சுழன்று விழுந்து, தரையைத் தொடப் போகையில் நிமிர்ந்தது.

மில் தொழிலாளி ராஜாங்கத்துக்கு வயிறு எரிந்தது. இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிரெஞ்சு ஆட்சி போன பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கக் கெடு முடிகிற நாளில் ஜூலின் அப்பா போய்க் கையெழுத்துப் போட்டார். ராஜாங்கத்தின் அப்பா, "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று வைத்திக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போய்விட்டார்.

"வவ்வாலுந்தான் தலைகீழாத் தொங்குது," என்றான் ராஜாங்கம். யாரும் சிரிக்கவில்லை. விமானம் ஒரு தடவையாவது நிமிராமல் போகாதா என்று இமைக்காமல் பார்த்தான்.

படம் முடிந்தது. ஜூலின் அம்மா மார்கரீத், மகனுக்குக் கண்ணேறு கழிக்க உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். கண் வைத்தவர்களின் காலடி மண்ணும் அதில் சேர வேண்டும். கூட்டம் முழுவதையும் தாண்டி வந்து, அவள் ராஜாங்கத்தின் முன்னால் குனிந்தாள்.

"தப்பா நெனச்சுக்காத ராஜாங்கம். கால எடு."

எடுத்தான். ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டவள் நிமிராமலே சொன்னாள்:

"இன்னொரு காலும்."