நெட்டைக்கு இடமில்லாத சமையலறை

வெள்ளிக்கிழமைக்குள் செல்கள் தூங்கியாக வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சிக்காரியின் இரண்டு வருட உழைப்பு குப்பைக்கூடைக்குத்தான். பேராசிரியை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

சங்கதி இதுதான். நோயெதிர்ப்புச் செல்லின் சவ்வில், கிருமியை உணரும் குட்டைப் புரதங்கள் சிதறிக் கிடக்கும். கிருமி வந்தால் ஓரிடத்தில் கூடிச் செல்லைச் சண்டைக்குக் கிளப்பும். வராதவரை, கூடவே நிற்கும் நெட்டைப் புரதங்கள் 'சும்மா இரு' என்று அவற்றை அடக்கி வைக்கும். கிருமியையே பார்க்காத செல் பேசாமல் கிடக்க வேண்டுமா இல்லையா? இவள் கண்ணாடியில் பசை தடவி, நகராமல் ஒட்டிவைத்த செல்களோ ஐந்தே நிமிடத்தில் சிலிர்த்துக்கொண்டன.

"எவன்டா வந்தான், சனியன்களா!" என்று மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக் கத்தினாள்.

புதன்கிழமை வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே கூத்து. சமையலறையில் மாமியாரும் நாத்தனாரும் ஒரு கரண்டிக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமனார் ஆறடிக்கு மேல். பக்கத்தில் வந்து "போதும் விடுங்க" என்றால் இருவரும் கப்சிப். ஆனால் போன மாதம் இவள் ஆசை ஆசையாக மாட்டிய தொங்கு அலமாரி அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. நுழைந்தார், மடேர்!

"எனக்கு அங்க இடமில்லம்மா," என்று நெற்றியைத் தேய்த்தபடி கூடத்துக்குத் திரும்பினார். "நான் வெளிய வந்துட்டா, அவங்களா ஆரம்பிச்சிடறாங்க. கரண்டி சும்மா ஒரு சாக்கு."

ஆராய்ச்சிக்காரி அப்படியே நின்றுவிட்டாள். அட கடவுளே, பசை! அது செல்லைக் கண்ணாடியோடு இறுக்கி இழுக்கிறது. அந்தச் சந்தில் நெட்டைகளுக்கு நிற்க உயரம் ஏது? அவை ஒதுங்கிப் போக, குட்டைகள் எதிரியே இல்லாமல் ஆட்டம் போடுகின்றன.

வியாழக்கிழமை பசையில்லாமல் வைத்தாள். ஐந்து நிமிடம், பத்து, அரை மணி. ஒன்றுகூடச் சிலிர்க்கவில்லை.

"அடிப்பாவி, தூங்குதே!" என்றார் பேராசிரியை. இவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அதே ஜோரில் சாயங்காலம் அலமாரியையும் கழற்றிப் போட்டாள். டப்பாக்கள் எல்லாம் தரையில் கிடந்தன. மாமனார் தலை நிமிர்ந்து உள்ளே வந்து நின்றார். அவருக்குப் பின்னாலேயே வந்த மாமியாரும் நாத்தனாரும், இவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஒரே குரலில் இவள்மேல் பாய்ந்தார்கள்.

"யாரைக் கேட்டுக் கழட்டினே?"

இவள் நம்பிக்கையோடு மாமனாரை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த ஒரு தடவை," என்றார் அவர் நெற்றிப் புடைப்பைத் தடவிக்கொண்டு, "அவங்க கேக்கறது நியாயம்தாம்மா."