அக்காவுக்குப் பிறகு

தையற்காரர் வீட்டில் எதுவும் முதலில் பெரியவளுக்குத்தான். சட்டை, குடை, சைக்கிள், பள்ளிக்கூடப் பை என்று எல்லாம் அவள் பயன்படுத்தி முடித்த பிறகு சின்னவளுக்கு இறங்கும். பெரியவளின் கவுனை இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்தால் சின்னவளுக்குப் புதுசு. அவளும் அதற்காக முகம் சுளித்ததே இல்லை. அக்கா எப்போது வளருவாள் என்று காத்திருப்பதே அவளுக்கு ஒரு விளையாட்டு.

ஒன்று மட்டும் இரண்டு பேருக்கும் சேர்ந்தே வந்தது. பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் அவளிடமிருந்து சிறுநீரகம் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கொடுக்கக் கூடியவர் தையற்காரர் ஒருவர்தான். அவரால் கொடுக்க முடிந்ததும் ஒன்றுதான்.

"யாருக்கு முதல்ல கெட்டுப்போகும் டாக்டர்? அத மட்டும் சொல்லுங்க, குடுத்துடுறேன்" என்றார்.

டாக்டர் இரண்டு பிள்ளைகளின் வயது, உயரம், ரத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் கணினியில் தட்டினார். அது கொஞ்சமும் கண் கலங்காமல் பதில் சொன்னது. பெரியவளுக்கு இரண்டு வருஷம் தாங்காது. சின்னவள் கல்லூரிக்குப் போகும்வரை பயமில்லை. தையற்காரர் மனசுக்குள் அந்தப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டார். பெற்ற பிள்ளைகளில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் பாவத்தை அது தன் தலையில் போட்டுக்கொண்டதே!

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சின்னவள் வந்து அவர் மடியில் சாய்ந்தாள். "அப்பா, அப்ப எனக்கு?"

"அக்கா போட்டு முடிக்கட்டும், அப்புறம் உனக்குத்தான். பெருசா இருந்தா கொஞ்சம் புடிச்சுத் தெச்சுத் தரேன்."

வீடே சிரித்தது. பயத்தில் விறைத்துக் கிடந்த வீடு, பாவம், சிரிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்று இருந்தது. சின்னவள் மட்டும் சிரிக்காமல் தலையாட்டினாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு எல்லாம், அப்பாவின் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க மாத்திரைதான். காலையும் மாலையும் அம்மா எடுத்துக் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நிற்பாள். மாதம் ஒரு தடவை ரத்தம் எடுத்து, மருந்து போதுமான அளவு இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள். எந்த மாதமும் குறையவில்லை. "தங்கமான பொண்ணு, இவளப் பாத்துக் கத்துக்கோங்க" என்று நர்ஸ் மற்ற பிள்ளைகளிடம் சொல்வாள்.

அந்த மருந்து பெரியவளின் முகத்தைப் பன்னு மாதிரி உப்ப வைத்தது. மேலுதட்டில் முடி வளர்த்தது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயரே 'மீசை' என்று ஆகிவிட்டது. வீட்டில் வந்து அழுதாள். "உசுரு பெருசா, மூஞ்சி பெருசா?" என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அதன் பிறகு அவள் அழவில்லை. பிள்ளை பழகிவிட்டாள் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். எவ்வளவு சுலபமாக நிம்மதி வருகிறது பெரியவர்களுக்கு!

இதற்கிடையில் சின்னவள் முந்திக்கொண்டாள். ஒரு காய்ச்சல், விடாத வாந்தி, அவ்வளவுதான். அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயின. தையற்காரர் டாக்டரின் மேஜையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "காலேஜ் வரைக்கும் பயமில்லன்னு சொன்னீங்களே?"

"அந்தக் கணக்கு நூறு பிள்ளைங்களுக்குச் சரியா வரும்" என்றார் டாக்டர். "உங்க பிள்ளைக்கு வரும்னு அது சொல்லல."

சின்னவள் ரத்தம் சுத்தம் செய்யும் எந்திரத்தில் படுக்கத் தொடங்கினாள். சில மாதங்களில் பெரியவளுக்கும் கால் வீங்கியது. அப்பாவின் சிறுநீரகத்தை அவள் உடம்பு ஏற்காமல் கொன்றுவிட்டது. மருந்து அளவு ஒரு மாதம்கூடக் குறையவில்லையே என்று டாக்டர் தலையைச் சொறிந்தார். அவளையும் கொண்டுவந்து தங்கச்சியின் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

பெரியவளின் பள்ளிக்கூடப் பை வழக்கம்போல சின்னவளுக்கு இறங்கியது. தோள்பட்டையைச் சின்னதாக்க உட்கார்ந்த தையற்காரர், உள்துணியில் ஓரிடத்தில் நின்றார். அது அவர் போட்ட எந்திரத் தையல் அல்ல, கைத்தையல். பிரித்தார். மாத்திரைகள் பொலபொலவென்று மடியில் கொட்டின. பிறகு ஒரு பிடி அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"என்னடி இது?"

பெரியவள் அதைப் பார்த்தாள். மறைக்கவில்லை. "ரத்தம் எடுக்குறதுக்கு முந்தி நாலஞ்சு நாள் மட்டும் முழுங்குவேன். மத்த நாள் நாக்குக்கு அடியில வெச்சுக்கிட்டு அப்புறம் பையில போட்டுடுவேன். மீசை மீசைன்னாங்க. நீங்க யாராச்சும் வந்து ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

குழாய் சொருகிய பிள்ளை என்றும் பார்க்காமல் கன்னத்தில் அறைந்தார். எந்திரம் கூவியது. நர்ஸ் ஓடி வந்தாள்.

"என் உடம்ப அறுத்துக் குடுத்தேன்டி! தங்கச்சிக்கு இல்லன்னு சொல்லிட்டு உனக்குக் குடுத்தேன்!"

"அக்காவ அடிக்காதீங்கப்பா!" பக்கத்துக் கட்டிலிலிருந்து சின்னவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எனக்குத் தெரியும். அக்கா பையத் தெச்சப்ப நான்தான் ஊசி கோத்துக் குடுத்தேன்."

தையற்காரர் திரும்பினார். "தெரியுமா? ஏன்டி எங்ககிட்ட சொல்லல?"

இதுகூடவா அப்பாவுக்குத் தெரியாது என்பதுபோல அவள் பார்த்தாள். "சொன்னா நீங்க அவள முழுங்க வெச்சுடுவீங்க. அப்புறம் எனக்கு எப்ப வரும்? அக்கா போட்டு முடிச்சா எனக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் பெரியவளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் அவருடைய விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. நர்ஸ் எந்திரத்தின் கூவலை நிறுத்திவிட்டு நகராமல் நின்றாள்.

சின்னவள் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள்.

"பெருசா இருந்தாலும் பரவால்லப்பா. புடிச்சுத் தெச்சுக்கலாம்."