பம்பு ஓடுகிற சத்தம்

இந்தக் காலத்தில் எவனும் குனிந்து வேலை செய்வதில்லை. உட்கார்ந்து வேலையை வேடிக்கை பார்க்கிறான். இது மெர்வ் டாலண்டின் தீர்மானம். ஆயுசு முழுக்க ஆட்டு ரோமம் கத்தரித்து முதுகு போனபின், செம்மண் காட்டு நடுவிலிருந்த வானொலித் தொலைநோக்கி நிலையத்தில் கிழவர் காவல் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

கிறுக்குப் பிடித்த இடம். வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். மைக்ரோவேவ் அடுப்பு கூடாது. கறி அடைத்த அப்பத்தை ஆறியபடியேதான் தின்ன வேண்டும்.

"வானம் ரொம்ப சன்னமாப் பேசும் மெர்வ். நாம இரைஞ்சா கேக்காது" என்றாள் நிலையத் தலைவி லியோனி.

பேசுகிறதாம். மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டார்.

அந்த வாரம் தொலைநோக்கியின் திரையில் மயிரிழை போல ஒரு கோடு விழுந்தது. உள்ளே எதுவோ அலை பரப்புகிறது என்று லியோனி கையில் ஆண்டெனாவோடு அறை அறையாகத் தேடினாள். மெர்வ் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். மகள் வாங்கித்தந்த, செல்போனோடு தானாகப் பேசும் காது மிஷின் அவர் தொப்பிக்கடியில் இருந்தது. வேலை கேட்கும்போது காது நன்றாகக் கேட்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தார். இந்த வேலையும் போனால், முதுகு ஒடிந்தவனை வேறு எவன் சேர்ப்பான்?

டீ அறையில் ஆண்டெனா அவர் தலைக்கு நேராகக் கீச்சிட்டது.

"தொப்பியக் கழட்டுங்க மெர்வ்."

"வழுக்கைம்மா."

"வழுக்கை அலை பரப்பாது."

மிஷினைக் கழற்றி மேஜையில் வைத்தார். "செவிடன காவலுக்கு வைக்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

லியோனி அவர் காதருகே குனிந்து கத்தினாள்: "கேக்காத சத்தத்துக்குத்தான் இங்க எல்லாருமே சம்பளம் வாங்கறோம். வேலையில இருங்க. மிஷின நிலையத்துக்கு வெளியில மட்டும் மாட்டிக்குங்க. ஆனா வானத்தக் கெடுத்தவங்க ஒரு வாரம் எல்லார் கோப்பையும் கழுவணும். அது இங்க சட்டம்."

மிஷினை அணைத்ததும் திரையில் கோடு மறைந்தது. அவள் அவரை இழுத்துப்போய், தொலைநோக்கி பிடித்த அலையைச் சத்தமாக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிமேல் அவர் உள்ளங்கையை வைத்தாள்.

டொக். டொக். டொக்.

"என்னது?"

"செத்துப்போன நட்சத்திரம். இன்னும் சுத்திக்கிட்டிருக்கு. இந்தத் துடிப்பு அங்கருந்து கிளம்பினப்போ உங்க தாத்தனுக்குத் தாத்தன்கூடப் பொறக்கல" என்று மறுபடி அவர் காதில் கத்தினாள்.

கத்தரிக்கக் கிடத்தின ஆட்டின் நெஞ்சு கைக்குக் கீழே இப்படித்தான் அடிக்கும். ஆனால் ஆடு பயந்தால் துடிப்பு தடுமாறும். இது தடுமாறவில்லை. கை மயிர் சிலிர்த்து நின்றது. டீ அறையில் விட்டுவந்த தேநீர் ஆறிப்போகும்வரை கையை எடுக்கவில்லை.

பிறகு வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"பம்பு. மேற்கால எவனோ கிணத்துப் பம்பை அணைக்காமப் போய்ட்டான்."

"அப்ப போய் அணைச்சிட்டு வாங்க" என்று சிரித்தாள் லியோனி.

கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மெர்வ் வாசலைப் பார்த்து நடந்தார். வெளியே தொலைநோக்கியின் அத்தனை பெரிய கிண்ணங்களும் ஒரே பக்கமாக அண்ணாந்திருந்தன. அவரும் அண்ணாந்து பார்த்தார். உள்ளங்கை இன்னும் அதிர்வது போலிருந்தது.

"பம்புதான்" என்று முணுமுணுத்தபடி நடந்தார்.